கறை இருக்கக்கூடாது

கரி மூட்டத்தைப் பிரித்து இரண்டாவது நாள். உள்சூடு இன்னும் முழுதாக ஆறவில்லை. நல்லமுத்து மண்வெட்டியால் மேல்மண்ணை ஒதுக்கிக்கொண்டே முன்னால் போக, மகள் முருகலட்சுமி பின்னால் குத்தவைத்துக் கரி பொறுக்கினாள். வேர்க்கட்டை வெந்த தூர்க்கரி ஒரு சாக்கில், விரல் தண்டிக் குச்சிக்கரி இன்னொரு சாக்கில். எங்காவது கங்கு கிடந்தால் அணைக்கப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது.

குருவம்மாள் இன்னும் கரியில் இறங்கவில்லை. வெட்டாமல் விட்டிருந்த ஒற்றைக் கருவேல மரத்தடியில் உட்கார்ந்து, கையை முந்தானையில் துடைத்துவிட்டு, மகளுடைய நோட்டைப் பிடித்திருந்தாள். இடது பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, வலது பக்கம் தமிழில் அர்த்தம். குருவம்மாள் அஞ்சாப்பு வரைக்கும் போனவள். வலது பக்கம் அவளுக்கு வாசிக்க வரும்.

"தட்டுப்பாடு," என்றாள்.

"ஸ்கேர்சிட்டி."

"தயக்கம்."

"ரெலக்டன்ஸ்."

"ஏராளம்."

முருகலட்சுமி ஒரு கரிக்கட்டியைத் தட்டிப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். "அபண்டன்ஸ்."

சொன்னது சரியா தப்பா என்று குருவம்மாளுக்குத் தெரிய வழியில்லை. அவள் பார்ப்பது மகளின் முகத்தை. சட்டென்று பதில் வந்தால் சரி. உதட்டைக் கடித்தால் அந்த வார்த்தைக்கு நேரே ஒரு புள்ளி வைத்துவிடுவாள், சாயங்காலம் மறுபடி கேட்பதற்கு. இந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து நல்லமுத்துவுக்குச் சிரிப்பு. வாத்திச்சியம்மா சம்பளம் எதிர்பார்க்காமல் வந்து ரெண்டு சாக்குத் தைத்தால் புண்ணியமாகப் போகும் என்றான். அவள் நோட்டை மூடவில்லை. இன்னும் பத்து வார்த்தை பாக்கி இருந்தது.

நல்லமுத்துவுக்கு எம்.ரெட்டியபட்டிக்குக் கிழக்கே நாலு ஏக்கர் மானாவாரி நிலம். பட்டா அவன் பெயரில்தான் இருக்கிறது. பருத்தி இரண்டு வருஷம் ஏமாற்றியது, மூன்றாவது வருஷம் விதைக்கவே இல்லை. அப்புறம் சீமைக்கருவேலம் யாரையும் கேட்காமல் வந்து உட்கார்ந்துகொண்டது. கரி வியாபாரி பொன்ராஜ் அதைக் குத்தகைக்குப் பேசினான், மூட்டம் போட ஆளும் நல்லமுத்து வீட்டாரே என்று முடிவாயிற்று. சொந்த நிலத்தில் கூலிக்கு நிற்கிற பாக்கியம் எல்லோருக்கும் வாய்க்காது. இப்போது ஆடி மாதத்துக்குத் திருச்சுழிப் பக்கம் கருவேலம் மண்டிய ஒரு கண்மாயைப் பிடித்திருந்தான் பொன்ராஜ். "நீ, ஓம் பொண்டாட்டி, பிள்ள, மூணு ஆளு," என்று அவனே எண்ணி வைத்துவிட்டான்.

மூட்டத்துக்குத் தீ வைத்துவிட்டால் அஞ்சாறு நாளைக்கு யாராவது பக்கத்திலேயே இருக்க வேண்டும். மண்பூச்சு வெடித்து ஓட்டை விழுந்தால், கை வைத்து அடைக்கணும். விட்டால் அத்தனை விறகும் சாம்பல். பதினோராம் வகுப்பில் முருகலட்சுமிக்கு இப்படியே நாற்பது நாள் போயிற்று. அருப்புக்கோட்டையில் கல்லூரி இல்லாமல் இல்லை. காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்புகிற படிப்பு என்றால், வருகைப் பதிவேட்டில் தன் பெயர்தான் படிக்கும், தான் மூட்டத்தில்தான் இருப்போம் என்று அவளுக்குத் தெரியும். தங்கிப் படிக்கிற இடம் வேண்டும். வெளியூரில் இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்தில் அஞ்சு வருஷம் இங்கிலீஷ் படிப்பு இருந்தது, ஹாஸ்டலும் இருந்தது. உள்ளே போக நுழைவுத் தேர்வு. அவள் கேட்ட படிப்புக்கு இங்கிலீஷ் தாள் ஒன்றுதான் கணக்கு. ஒரு மணி நேரம், ஐம்பது கேள்வி.

பள்ளிக்கூடத்தில் அவளைத் தவிர யாரும் அதற்கு விண்ணப்பிக்கவில்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய கைடு ஒன்று, அப்பாவின் கீறல் விழுந்த போன் ஒன்று, அவ்வளவுதான் துணை. கைடில் இருந்த உரைப்பகுதிகள் எல்லாம் பனிக்கரடியைப் பற்றியும், பூமிக்கு அடியில் ஓடும் ரயிலைப் பற்றியும் இருந்தன. முதலில் ஒரு பகுதியை வாசித்து முடிக்க அவளுக்கு இருபது நிமிஷம் ஆனது. கேள்வியை முதலில் பார்த்துவிட்டுப் பகுதிக்குள் போனால் சுருக்கமாக முடிகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். வார்த்தைகளைக் கலைத்துப் போட்டு வாக்கியமாக்கச் சொல்லும் கேள்விகளில் அவள் தப்புப் பண்ணுவதே இல்லை. மே மாதம் பிறந்தபோது, போனில் மணியை வைத்துக்கொண்டு ஐம்பது கேள்வியையும் ஐம்பத்திரண்டு நிமிஷத்தில் முடித்தாள். நாற்பத்து மூன்று சரி. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஹால்டிக்கெட் எடுக்கத் தாயும் மகளும் அருப்புக்கோட்டைக்குப் போனார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரியாஸ் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். விண்ணப்பம் போட்டதும் அவன்தான். நல்ல பையன், ஒவ்வொரு விதியாக நிறுத்தித் தமிழில் சொன்னான். மதுரையில் புதன்கிழமை, மூணு மணித் தேர்வு. ஒரு மணிக்கே உள்ளே போய்விட வேண்டும். நகை கூடாது, கைக்கடிகாரம் கூடாது.

"அப்புறம் கையில மருதாணி, மை, கறை எதுவும் இருக்கக்கூடாதுக்கா. வெரல் வைக்கிற மிஷின் எடுக்காது," என்றான். சொல்லிவிட்டு மேசை மேல் இருந்த நான்கு கைகளையும் பார்த்தான். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டு பிரிண்டரைத் தட்டினான்.

அந்தப் பார்வையைக் குருவம்மாள் பார்த்துவிட்டாள். பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

மறுநாளிலிருந்து முருகலட்சுமி கரியைத் தொடக்கூடாது என்று உத்தரவாயிற்று. அவள் பங்கையும் சேர்த்துக் குருவம்மாள் பொறுக்கினாள். பொறுக்கிவிட்டு வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் நாள் புளி. இரண்டாவது நாள் எலுமிச்சம்பழமும் சலவைச் சோடாவும். உள்ளங்கை வெளுத்தது, விரல் நுனியில் மட்டும் கருப்பு போகவில்லை. ஆறு வருஷத்துக் கரி தோலின் கோடுகளுக்குள் இறங்கியிருந்தது. மூன்றாவது நாள் செங்கல்லைத் தட்டிச் சலித்து, தேங்காய் நாரில் தொட்டுத் தேய்த்தாள். அதுவும் போதவில்லை. நான்காவது நாள், ஊர்த் தண்ணீர்த் தொட்டி கழுவுகிற சுந்தராம்பாளிடம் போய் ஒரு கை பிளீச்சிங் பவுடர் வாங்கி வந்தாள்.

எரிச்சலில் முருகலட்சுமிக்குக் கண்ணீர் வந்தது. "எம்மா, போதும்மா."

"பொறுத்துக்க தாயி. அங்கன வாரதெல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைக. கையப் பாத்து ஒருத்தி ஒரு வார்த்த சொல்லிரக்கூடாது. மிஷினுக்கும் நல்லதுன்னு அந்தத் தம்பியே சொல்லுச்சுல்ல."

செவ்வாய்க்கிழமை காலையில் பத்து விரலும் அவித்த பனங்கிழங்கு நிறத்துக்கு வந்துவிட்டன. தோல் உரிந்து வழவழவென்று இருந்தது. புத்தகத்தின் பக்கத்தைத் திருப்ப முடியாமல் அவள் விரல் முட்டியால் திருப்பினாள். குருவம்மாளுக்குத் தாங்க முடியாத பெருமை. தெருவில் வருகிறவளையெல்லாம் கூப்பிட்டு, மகள் கையைக் காட்டினாள்.

தேர்வு மையம் மதுரைக்கு வெளியே ஒரு கல்லூரி. வாசலுக்கு எதிரே கார்களும் குடைகளும் நின்றன. குருவம்மாளை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். முருகலட்சுமி ஹால்டிக்கெட்டையும் ஆதார் அட்டையையும் ஏந்திக்கொண்டு வரிசையில் போனாள். அவளுக்கு முன்னால் நின்ற பெண் அத்தை கல்யாணத்துக்கு முழங்கை வரை மருதாணி போட்டிருந்தாள், திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று நடுங்கிக்கொண்டிருந்தாள். அவள் விரலை வைத்தாள். மிஷினில் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே போய்விட்டாள்.

முருகலட்சுமி பெருவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு.

மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த இளைஞன் கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்தான். துடைத்துவிட்டு வைக்கச் சொன்னான், அழுத்தச் சொன்னான், அடுத்த விரல், அதற்கடுத்த விரல் என்றான். பத்தும் சிவப்பு. அவள் கையைத் தன் பக்கம் இழுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"ரேகையே இல்லையேம்மா. என்ன பண்ண?"

"கழுவுனேன் சார். கறை இருக்கக்கூடாதுன்னாங்க."

அவன் அவளை ஓரமாக நிற்கச் சொன்னான். பின்னால் வரிசை நீண்டிருந்தது, அவனையும் குற்றம் சொல்ல முடியாது. அப்போது மணி ஒன்றே முக்கால். இரண்டு மணிக்கு வேறொரு மிஷின் கொண்டுவந்தார்கள், அதுவும் சிவப்பு. ரேகை பதியாதவர்களுக்கென்று ஒரு படிவம் இருப்பதாக மேற்பார்வை அம்மா சொன்னார். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் அடுத்த கட்டடத்தில் இருந்தார். அவர் வந்தபோது படிவம் இல்லை. படிவம் வந்தபோது போட்டோ ஒட்ட வேண்டும் என்றார்கள், அவள் கொண்டுவந்த ஒரே போட்டோவை ஏற்கெனவே ஹால்டிக்கெட்டில் ஒட்டியிருந்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை. ஒருவர் தண்ணீர்கூடக் கொடுத்தார். வரிசையில் கடைசியாக நின்ற பையனும் உள்ளே போனான். மணி மூன்று அடித்தது. தாழ்வாரத்தில் நாற்காலியில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், எனக்கு டைம் கூடத் தருவாங்களா?" என்று கேட்டாள்.

"அழாதம்மா. உன்ன எழுத விடமாட்டோம்னு யாரும் சொல்லலையே," என்றார் மேற்பார்வை அம்மா. கொஞ்சம் கழித்து அவரே மெதுவாகச் சொன்னார்: "நாலு மணிக்கு எல்லாத் திரையும் தானா நின்னுரும். அது எங்க கையில இல்ல."

கடைசியில் போட்டோ இல்லாமலே படிவத்தில் கையெழுத்தாகி அவளை உள்ளே விட்டபோது திரையின் மூலையில் பதிமூன்று நிமிஷம் இருந்தது. ஐம்பது கேள்வி. முதல் உரைப்பகுதி ஒரு திரைக்கு மேல் நீண்டது. அதை விட்டுவிட்டு வார்த்தைக் கேள்விகளுக்கு ஓடினாள். எல்லாம் தெரிந்த வார்த்தைகள். மூட்டத்து ஓரத்தில் அம்மா கேட்டுக் கேட்டு வந்த வார்த்தைகள். மவுஸை அழுத்த அழுத்த விரல் நுனி எரிந்தது. தப்பாகத் தொட்டால் மார்க்கு குறைப்பார்கள், கண்ணை மூடிக்கொண்டு தட்டவும் முடியாது. பதினேழு முடித்தாள். பதினெட்டாவது வாக்கியம் கலைத்துப் போட்டது. அவளுக்குக் கைவந்தது, முதலும் கடைசியும் கண்டுபிடித்துவிட்டாள். நடுவில் இரண்டை மாற்ற வேண்டும். திரை வெள்ளையாகி, நன்றி என்று வந்தது.

பக்கத்து இருக்கையில் மருதாணிப் பெண் சோம்பல் முறித்தாள். எப்படி இருந்தது என்று கேட்டாள். முருகலட்சுமி மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒப்பாரி வைத்து அழ வேண்டும் போல இருந்தது, அந்த ஏ.சி. அறையில் எப்படி அழுவது என்று தெரியவில்லை.

வாசலில் குருவம்மாள் மூன்று மணி நேரமாக வெயிலில் நின்றிருந்தாள். நிழலில் காரில் வந்தவர்கள் இருந்தார்கள். மகளைப் பார்த்ததும் ஓடி வந்து தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தைப் படிப்பதில் அவள் தேறியவள்தான், ஆனாலும் அன்றைக்கு அவள் கேட்க நினைத்தது வேறு.

"எல்லா வார்த்தையும் வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"கையப் பாத்து எவளும் ஒண்ணும் சொல்லலையே?"

முருகலட்சுமி ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"ஒண்ணும் சொல்லல. சுத்தமா இருக்குன்னாக."

குருவம்மாள் சிரித்துவிட்டாள். அருப்புக்கோட்டை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் புளி, எலுமிச்சை, செங்கல் தூள், பிளீச்சிங் பவுடர் என்று நாலு நாள் கதையையும் வரிசையாகச் சொன்னாள். அந்தப் பெண், பெற்றவளென்றால் இப்படித்தான் இருக்கணும் என்றாள். முருகலட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆடி பிறந்தது. திருச்சுழிக் கண்மாய்க்குள் இரண்டாவது மூட்டத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று ஆளும் இருந்தார்கள். பொன்ராஜின் லாரி கரைமேல் நின்றது, பன்னிரண்டு மணிக்குள் லோடு ஏற்றியாக வேண்டும். நல்லமுத்து அருப்புக்கோட்டைக்குச் சாக்கு வாங்கப் போய்விட்டு அப்போதுதான் வந்தான். சட்டைப் பைக்குள்ளிருந்து தேர்வு முடிவு மடித்த தாளை எடுத்தான். ரியாஸ் எடுத்துக் கொடுத்ததாம். பார்த்துவிட்டு அவன் காசு வாங்கவில்லையாம்.

முருகலட்சுமி கரிக்குவியலிலிருந்து எழுந்து வந்து வாங்கிக்கொண்டாள். பார்க்க ஒரு நொடிதான் ஆனது. மதிப்பெண் தெரிந்ததுதான். அதை வைத்துக்கொண்டு ஹாஸ்டல் வாசலைக்கூட மிதிக்க முடியாது.

"கெடைக்குமாத்தா?" என்று கேட்டான் நல்லமுத்து.

"இல்லப்பா."

அவன் தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினான். கரைமேலிருந்து பொன்ராஜ் சத்தம் கொடுத்தான், சாக்கைத் தைக்கச் சொல்லி. குருவம்மாள் வந்து மகள் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள். இங்கிலீஷ் அவளுக்கு எட்டவில்லை. அவள் கண்ணில் பட்டது வேறு.

"கையத் தொடச்சுட்டு வாங்கக்கூடாதா புள்ள. தாளெல்லாம் கறையாக்கிட்ட பாரு."

முருகலட்சுமி குனிந்து பார்த்தாள். தாளின் வெள்ளை ஓரத்தில் அவளுடைய பெருவிரல் விழுந்திருந்தது. சுழியும் அதைச் சுற்றிய கோடுகளும், ஒன்றுகூட விடாமல், கருப்பாக, தெளிவாக.