பேர் போடாதவன்

ரயில் றொசல்லயில் நின்றபோது அழகுமுத்து இறங்கவில்லை. ஜன்னலோரம் இருந்த முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டான். மேடையில் தெரிந்தவர்கள் யாராவது நின்று, "மூக்கன் மகன் ரயில்ல போறான், இங்க எறங்கல" என்று அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டால்? ஸ்டேஷனுக்கு மேலே, சரிவில், அவன் பிறந்த லயம், தோட்டத் தொழிலாளரின் ஒற்றையறை வீட்டு வரிசை, தகரக் கூரையோடு மழையில் நனைந்து கிடந்தது. அது வளைவில் மறைந்த பிறகுதான் மூச்சு விட்டான்.

பேராதனையில் பட்டம் வாங்கியாகிவிட்டது. இனி மேற்படிப்பு. தேயிலை வேரோடும் மண்ணைப் பற்றி ஆராய்ந்து எழுத வேண்டும். அதற்குத் தலவாக்கலைப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் மேசையும் கண்ணாடிக் குழாய்களும் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். தங்க இடம் மட்டும் தரவில்லை. குவார்ட்டர்ஸ் உத்தியோகத்தர்களுக்குத்தானாம். திங்கட்கிழமை காலையில் போய் நிற்க வேண்டும். அதற்குள் எங்கே குடியிருப்பது?

வழிநெடுக அதையே மனசுக்குள் புரட்டிக்கொண்டு வந்தான். அட்டனில் பேரின்பநாயகம் மாஸ்டர் வீட்டில் ஓர் அறை காலியாக இருப்பதாக விரிவுரையாளர் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். மின்சார விளக்கு உண்டு, மேசை உண்டு. தலவாக்கலை பேக்கரி ஒன்றின் பின்கட்டிலும் இடம் இருந்தது. ஆனால் மாப் பிசைகிறவர்களோடு படுக்க வேண்டும், புகையும் சூடும் அடங்கவே அடங்காது. இல்லாவிட்டால் வீடு. றொசல்லயிலிருந்து தினம் ரயிலில் போய்வரலாம். லயத்தில் ஒரே அறை, ஒரே குப்பி லாம்பு, பக்கத்து வீட்டுக்காரன் இருமினால் தன் நெஞ்சில் இருமுவது போலக் கேட்கும். அங்கே எப்படிப் படிப்பது? இது அவன் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். பல்கலைக்கழக விடுதி ஹாலில் கட்டில் மெத்தையில் படுத்துப் பழகிய உடம்பு சாணி மெழுகிய தரையை நினைத்துச் சுளித்தது என்பதை அவன் தனக்குக்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

மாஸ்டர் வீட்டில் நல்ல வரவேற்பு.

"வாரும் தம்பி, இரும். கெமிஸ்ட்ரியோ செய்தனீர்?"

"ஆமாம் மாஸ்டர். இப்போது மண் ஆராய்ச்சி."

எந்த ஊர் என்று காட்டிக்கொடுக்காத ஒரு புத்தகத் தமிழைப் பேராதனையில் பழகி வைத்திருந்தான். அது இங்கே நன்றாகவே வேலை செய்தது. மாஸ்டரின் மனைவி கமலேஸ்வரி தேத்தண்ணியைப் பூப்போட்ட கோப்பையில் கொண்டுவந்தாள்.

"எங்கட மகளுக்கு சயன்ஸ் சொல்லிக் குடுக்க ஒருத்தரும் இல்லை எண்டு இவர் கவலைப்பட்டுக்கொண்டு இருந்தவர். நீர் வந்தது நல்லதாப் போச்சு" என்றாள். அறையைத் திறந்து காட்டினாள். கட்டில், மேசை, கண்ணாடி ஜன்னல். அறைக்கு முன்னால் சிவப்பு சீமெந்து பூசிய நீளமான இடம், அதில் ஒரு பிரம்பு நாற்காலி, அதன்மேல் சாய்ந்து விழுந்த வெயில். அழகுமுத்துவுக்கு மனசு நிறைந்துபோயிற்று. நிறைந்த மனசு நாக்கைப் பார்த்துக்கொள்ளவில்லை.

"இஸ்தோப்பு ரொம்ப நல்லா இருக்குங்க. சாயங்காலம் இங்கயே உக்காந்து படிக்கலாம்."

கமலேஸ்வரியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"இஸ்தோப்போ? எங்கட வீட்டிலை வேலைக்கு நிக்கிற பெட்டையும் விறாந்தையை உப்பிடித்தான் சொல்லுறவள். தம்பி எவடம்?"

"றொசல்ல."

"அப்பா அங்கை கடையோ?"

"இல்லைங்க."

"தோட்டத்திலை கிளாக்கரோ?"

"கவ்வாத்து வெட்டுறாருங்க." புத்தகத் தமிழ் அவனை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டது. தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி மட்டம் செய்கிறவரின் மகன் என்பதை வேறு எந்தத் தமிழில் சொன்னால் என்ன?

அவன் குடித்து வைத்த கோப்பையை அவள் ஒருமுறை பார்த்தாள். பிறகு உள்பக்கம் திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ, என்ரை தமையன்ரை பெடியன் வாறன் எண்டவனெல்லோ? இந்த அறையை அவனுக்கெண்டுதானே சொல்லி வைச்சனாங்கள்?"

"எந்தப் பெடியன்?" என்று கேட்டுவிட்டார் மாஸ்டர். மனைவி பார்த்த பார்வையில் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. "ஓமோம்... அவன்தான். நான் மறந்துபோனன், தம்பி."

"அதுக்கென்ன" என்று கமலேஸ்வரி ஆறுதல் சொன்னாள். "உமக்கு இடமில்லாமலே போகப்போகுது? இந்த மலை முழுக்க உங்கட ஆக்கள்தானே."

மாஸ்டர் வாசல் படலை வரைக்கும் கூடவே வந்தார். ஏதோ சொல்லப் போகிறவர்போல வாயைத் திறந்தார். "குடை கொண்டுவந்தனீரோ?" என்று மட்டும் கேட்டார்.

அந்திக்கு முன் அவன் லயத்துக்கு வந்து சேர்ந்தபோது அம்மா மீனம்மா கொழுந்துக் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். மகனைக் கண்டதும் கூடை கைநழுவி உருண்டது.

"அம்மா, நான் இங்கயே தங்கி வேலைக்குப்... படிக்கப் போறேன். தெனம் ரயில்ல போயிட்டு வந்துருவேன்." அட்டனைப் பற்றி அவன் வாயைத் திறக்கவில்லை.

"பின்ன? வீடு இருக்கையில நீ எதுக்குய்யா வேற எடம் பாக்கணும்?" என்றாள். தங்கை லெட்சுமியை அதட்டிச் சுவரோரத்தைக் காலி செய்ய வைத்தாள். சாக்கை விரித்து அதன்மேல் தன் கலியாணச் சேலையைப் போட்டாள். "இது ஒன்னோட எடம். யாரும் மிதிக்கக்கூடாது."

அடுத்த வீட்டு ராக்காயி வாசலில் நின்று சிரித்தாள். "ஏங்க மதினி, மகன் படிச்சு முடிச்சிட்டான்னு அன்னைக்கு லயம் பூராவும் பாயாசம் ஊத்துனீங்க. இப்ப இன்னும் படிக்கிதுங்குறீங்க. குடிச்ச பாயாசத்த திருப்பித் தரணுமா?"

"நீ குடிச்ச குடிக்கு அண்டாவையில்ல தரணும்!"

அப்பா மூக்கன், மகன் படுத்த பிறகு அந்தப் பக்கமாகக் காற்று வந்த ஓட்டையில் ஒரு துணியைச் சுருட்டி அடைத்தார்.

மறுநாள் விடியலில், ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்குத் தப்பு அடித்தது. ஆட்கள் எல்லோரும் பேர் கொடுக்க இறங்கிப்போனார்கள். அழகுமுத்து வெளியே குந்திப் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது கணக்கப்பிள்ளை கந்தப்பன் மேலே ஏறி வந்தார். பின்னால் மூக்கன், தலைத்துண்டு கையில்.

"தம்பி, நேத்து ராவு இங்கதான் படுத்தீங்களாமே. எத்தன நாளைக்கு?"

"படிப்பு முடியிற வரைக்கும்."

"படிப்புத்தான் முடிஞ்சிருச்சே! நானே ரெண்டு டம்ளர் பாயாசம் குடிச்சேனே!"

"இது பட்டத்துக்கு மேல படிக்கிறதுங்க."

"பட்டத்துக்கு மேல என்னாத்த படிக்கிறது? வானத்தையா?" தன் பகடிக்குத் தானே சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் குரல் இறங்கியது. "பள்ளிக்கூடத்துப் புள்ளைனு இவ்வளவு நாளும் கண்டும் காணாம இருந்தோம். இப்ப நீங்க பெரிய ஆளு. செக்றோல் பொஸ்தகத்துல வேலையாளா பேரு இல்லாத ஆம்பள லயத்துல குடியிருக்கக்கூடாது. சட்டம் நான் போட்டதில்ல. தொரைக்குத் தெரிஞ்சா மூக்கன் பேரையும் சேத்து வெட்டிருவாரு. அப்புறம் குடும்பத்தோட தெருவுலதான்."

தோட்டத்து ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியேதான் அப்பாவையும் மகனையும் நிற்க வைத்தார்கள். வெள்ளைக்காரத் துரை உள்ளே இருந்தார். அழகுமுத்து பேராதனை ஆங்கிலத்தில், இலக்கணம் பிசகாமல், தன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னான். அது தேயிலைக்கே பயன்படும் என்றான். பெற்றோரோடு தங்க அனுமதி கேட்டான். துரை முழுவதையும் கேட்டார். பிறகு தோட்டத்து ஆட்களோடு பேசும் அந்தத் தமிழிலேயே பதில் சொன்னார்.

"நீ வேலை இல்லை, நீ வீடு இல்லை. விருந்தாளி வா. கணக்கப்பிள்ளை கேளு. ஞாயிறு வா, ஞாயிறு போ."

அழகுமுத்து திரும்பினான். மூக்கன் திரும்பவில்லை. ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"தொரைங்களே, இவன் பேரப் போட்டுருங்க. கவ்வாத்துக்கே போடுங்க. இவனுக்குப் போடுற செடியையும் நானே சேத்து வெட்டிர்றேன். இவன் வெறுமனே படுத்துக்கிறதுக்குத்தான்... பேரு மட்டும்..."

துரை கந்தப்பனைப் பார்த்தார். ஒரு ஆளே இரண்டு ஆள் வேலையைச் செய்வானாம் என்று கந்தப்பன் சிரிப்போடு விளக்கினார். வயசான மூக்கனின் முதுகைத் துரை அளந்து பார்த்தார். அந்தப் பார்வையை அழகுமுத்துவால் தாங்க முடியவில்லை.

"வேணாம்" என்றான், உரக்க. "என் பேரப் போட வேணாம். நான் போயிர்றேன்."

அவன் சொன்னது அப்பாவின் முதுகுக்காக. ஆனால் அவன் லயத்துக்கு ஏறி வருவதற்குள் அந்தச் சொல் வேறு அர்த்தத்தோடு மலைக்கு ஏறிவிட்டது. மீனம்மா கொழுந்து மலையிலிருந்து பாதியில் இறங்கி வந்து நின்றாள்.

"பேரு போட வேணாம்னியாமே?"

"அம்மா, அப்பா என்ன கேட்டாருன்னு தெரியுமா? ரெண்டு பேரு வேலைய..."

"கேட்டாரு. ஒனக்காகக் கேட்டாரு. நீ அத்தன பேருக்கு முன்னாடி வேணாம்னு கத்துனியாம்ல. ஒங்கப்பன் பேரு அதுல இருக்கு. எம் பேரு இருக்கு. செத்துப்போன ஒங்க தாத்தா பேரும் அதுலதான் இருந்துச்சு. அதுக்குப் பக்கத்துல ஒம் பேரு இருந்தா நாறிப்போயிருமோ?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். ரயில் ஜன்னலில் முகத்தை இழுத்துக்கொண்டது அவனுக்கே நினைவு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு உள்ளே போய்ச் சுவரோரத்துச் சேலையை எடுத்து உதறி மடித்தாள்.

மூக்கன் பெட்டியைத் தூக்கப் போனார். "நானே தூக்கிக்கிறேம்பா" என்று வாங்கிக்கொண்டான். அதுவும் தப்பாகப் பட்டிருக்க வேண்டும். அப்பா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பின்வாங்கினார்.

தலவாக்கலை ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பேக்கரிக்காரன் அந்த இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்காமல் இருக்க வேண்டுமே என்ற பயம் வேறு. படிக்கட்டில் இறங்கும்போது மேலே ராக்காயியின் குரல் கேட்டது.

"என்னங்க மதினி, நேத்துத்தான் வந்துச்சு. அதுக்குள்ள கெளம்பிருச்சு?"

மீனம்மா அவனுக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னாள்.

"விருந்தாளிதானே. கெளம்பத்தான் செய்யும்."