பூனை என்கிற கூட்டாளி

என் வகுப்பில் பிள்ளைகள் ஒற்றைப்படை. அந்தப் பாழாய்ப்போன பாலம் கட்டும் விளையாட்டோ இரண்டு பேர் சேர்ந்தால்தான் திறக்கும். இணையத்தில் இருக்கும் ஒரே கோப்பில் ஒருத்தி எடையைக் கணக்குப் போட்டுத் தூண் நிறுத்த வேண்டும், இன்னொருத்தி பலகை அடுக்க வேண்டும். எல்லோரும் ஜோடி சேர்ந்த பிறகு, வருட நடுவில் வந்து சேர்ந்த வாயில்லாப்பூச்சி மட்டும் கடைசிக் கம்ப்யூட்டரில் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"பக்கத்து ஸ்கூல்ல ஒரு பொண்ணு இருக்கா, அவகூட விளையாடுறியா?" என்று வாய்க்கு வந்ததை அளந்துவிட்டேன். 'பூனை' என்ற பெயரில் என் மேசையிலிருந்தே உள்ளே நுழைந்தேன்.

பூனையிடம் அவளுக்கு வாய் ஓயாது. அம்மாவுக்கு வேலை முடிய நேரமாகும் என்பதால் சாயங்காலமும் வீட்டிலிருந்தே விளையாட்டுக்குள் வருவாள். நானும் என் வீட்டிலிருந்து வந்தேன். "சாப்பிட்டியா?" என்று எழுதிக் கேட்பாள். என்னை அப்படிக் கேட்க வேறு நாதி கிடையாது. தட்டையே எடுக்காமல் "ஆச்சு" என்று புளுகுவேன்.

எங்கள் பாலம் புள்ளிப் பட்டியலில் உச்சிக்குப் போய்த் தொலைத்தது. தலைமையாசிரியைக்குத் தலைகால் புரியவில்லை. "நாளைக்கு ரெண்டு பேரையும் மேடையேத்திடுவோம். அந்த ஸ்கூலுக்கு நானே பேசுறேன்" என்றார். மேடையில் குட்டு உடைந்தால் பிள்ளைகள் அவளைக் கிண்டலடித்தே கொன்றுவிடுவார்கள்.

வகுப்பு முடிந்ததும் அவளை நிறுத்தினேன். "பூனையப் பத்தி ஒண்ணு சொல்லணும்டி."

"நீங்கதான்னு தெரியும் மிஸ்." பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே சொன்னாள். "நீங்க பசங்கள அதட்ட எழுந்தா பூனை அப்படியே நின்னுடும். நீங்க உட்கார்ந்தாதான் மறுபடியும் தூண் வரும்."

"அடிப்பாவி! எப்போலேருந்து தெரியும்?"

"முதல் நாள்லேருந்தே."

"அப்புறம் ஏன் வாயத் திறக்கல?"

"சொன்னா சாயங்காலம் வர மாட்டீங்களே."

நேரே போய்த் தலைமையாசிரியையிடம் உண்மையைச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுநாள் பட்டியலில் இரண்டாவதாக இருந்த ஜோடி மேடையேறியது. எங்கள் பாலத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவள் வருவாளோ மாட்டாளோ என்று பயந்துகொண்டே உள்ளே போனேன். அவள் ஏற்கெனவே பலகை அடுக்கிக்கொண்டிருந்தாள். "சாப்பிட்டீங்களா மிஸ்?" என்று எழுதினாள்.

"பூனைக்கு எதுக்குடி மரியாதை? இன்னும் இல்ல. தனியா சாப்பிடப் பிடிக்கல."

பதில் வந்தது: "எனக்கும்தான். தட்ட எடுத்துட்டு வா, பூனை."

எழுந்து போய்த் தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன்.