மூத்தாள்

கண்ணாடிக்கடைக்காரருக்கு இரண்டு தாரம் என்று அவர் மனைவியே வருவோர் போவோரிடம் எல்லாம் சொல்லுவாள். மூத்தாள், ஹால் மூலையில் தனி மேசை போட்டு உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டர். விசைப்பலகையும் உள்சமாச்சாரமும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய பழைய ரகம். அதைச் செய்த கம்பெனியை மூடி எத்தனையோ வருடமாகிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் அதை வைத்திருப்பவர்கள் எல்லோரையும் ஒரே வேனில் ஏற்றிவிடலாம். அதிலும் இடம் மிஞ்சும்.

அந்த வேன் கூட்டத்துக்கு இவர்தான் தலைவர். யாரும் ஓட்டுப் போடவில்லை. குரல் பெரிசு, அவ்வளவுதான். மாதம் ஒருமுறை லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் கூடுவார்கள். லேப்டாப் வாங்கிவிட்டேன் என்று எவனாவது முனகினால் தீர்ந்தது. "உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்றியா?" என்று பிடித்துக்கொள்வார். ஊருக்கு உபதேசம் பண்ண யாருக்குத்தான் வலிக்கும்?

லிஃப்ட்காரர் அதிகம் பேசமாட்டார். பகலெல்லாம் யார் யார் கட்டடத்திலோ கிரீஸும் கையுமாகத் தொங்குவார். சாயங்காலமானால் சால்டரிங் கம்பியோடு உட்கார்ந்துவிடுவார். மூத்தாளுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தது இவர்கள் இரண்டு பேரும்தான். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வைத்து, சண்டை போட்டு, அழித்து, மறுபடி வைத்தார்கள். முடித்த அன்று லிஃப்ட்காரர் அந்த எழுத்துகளை ஏற்றிய ஒரு சிப்பை எடுத்து, கடைக்காரரின் மெஷினில் பொருத்தினார். சுவிட்சைப் போட்டதும் திரையில் வந்தது: "வாங்க தலைவரே." கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்றார்.

மூத்தாளுக்கு வயதாகி மூச்சு வாங்க ஆரம்பித்தது. லிஃப்ட்காரர் அதற்கு ஒரு சர்க்யூட் பலகை வடிவமைத்தார். உள்ளே சொருகினால் பல மடங்கு வேகம். ஆனால் நாலைந்து பேருக்காகச் செய்கிற சாமான் சல்லிசாகவா கிடைக்கும்? விலையைக் கேட்டுக் கூட்டமே தயங்கியது. முதல் கையைத் தூக்கியவர் தலைவர்தான்.

"மொத பலகை எனக்கு. வெலையப் பத்தி யாருகிட்டய்யா பேசறே?"

அந்த ஒரு வார்த்தையை நம்பி லிஃப்ட்காரர் தன் சேமிப்பைப் போட்டு உதிரிபாகங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்.

வீட்டில் மனைவி கேட்டாள். "அந்தக் காசுக்கு ரெண்டு லேப்டாப் வருமேங்க. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா?"

"உனக்கு என்ன தெரியும்?" என்று கத்தினார். கத்தியபிறகு கணக்குப் போட்டார். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. யாருக்கும் சொல்லாமல் ஒரு லேப்டாப் வாங்கினார். அதில் ஒரு இலவச புரோகிராமைப் போட்டால் மூத்தாளே ஒரு சின்னச் சதுரத்துக்குள் வந்து உட்கார்ந்தாள். அதே எழுத்து, அதே விளையாட்டு, அதைவிட வேகம். பிறகு அசல் எதற்கு, இடத்தை அடைத்துக்கொண்டு? ஃப்ளாப்பி வட்டுகளில் இருந்ததையெல்லாம் அழித்தார். பழைய சாமான் வாங்கும் வெளியூர்க்காரன் ஒருவனை வரவழைத்துப் பேர்கூடச் சொல்லாமல் தள்ளிவிட்டார். ஒன்றை மட்டும் அவர் யோசிக்கவில்லை. அதை வாங்கக்கூடியவர்கள் எல்லோரும் அந்த வேனில்தான் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு கூட்டத்துக்குப் போகவில்லை. முழங்கால் வலி என்றார், கடையில் சரக்குக் கணக்கு என்றார். பலகை வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. தலைவரே பின்வாங்கினால் மற்றவர்களும் நழுவிவிடுவார்கள், லிஃப்ட்காரரின் சேமிப்பு அம்போதான். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஒருநாள் போன் வந்தது. "தலைவரே, பலகை ரெடி. சோதிச்சுப் பாக்கப் பழைய மெஷின் ஒண்ணும் வாங்கியிருக்கேன். வாங்களேன்."

போனார்.

மேசைமேல் மூத்தாள் இருந்தாள். இடது ஓரத்தில் சூடான டம்ளர் வைத்த தழும்பு, அவர் விரல் பட்டு எழுத்தழிந்த விசைகள். கடைக்காரர் முகத்தை நேராக வைத்துக்கொண்டார். "பரவால்லையே, நல்லா வெச்சிருந்திருக்கான் எவனோ" என்றார்.

லிஃப்ட்காரர் சுவிட்சைப் போட்டார். கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது: "வாங்க தலைவரே."

வட்டுகளை அழித்தவர் சிப்பை மறந்திருந்தார். தினமும் பார்த்துப் பார்த்து, அந்த வரி அவர் கண்ணில் படாமலே போய்விட்டிருந்தது.

"வாங்கின அன்னைக்கே தெரியும் தலைவரே," என்றார் லிஃப்ட்காரர். "கேக்க மனசு வரல. நீங்களே இத விக்கறீங்கன்னா வீட்ல என்ன கஷ்டமோ. பொண்ணு படிப்பா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

ஒரு கஷ்டமும் இல்லை. பெண்ணின் ஃபீஸ் எப்போதோ கட்டியாகிவிட்டது. கணக்குப் பார்த்தேன், மலிவாக இருந்தது என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமாய்யா. கொஞ்சம் நெருக்கடி."

லிஃப்ட்காரர் பலகையோடு மெஷினையும் பெட்டியில் வைத்துக் கட்டினார். "காசு கெடக்குது, விடுங்க. தலைவர் வாங்கிட்டாருன்னு சொல்லித்தான் மத்த பலகையெல்லாம் வித்துச்சு. இந்த விஷயம் நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்."

கதவைத் திறந்த மனைவி சிரித்தாள். "என்ன, மூத்தா பொறந்த வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பிட்டாளா?" அவர் சிரிக்கவில்லை.

மறுநாளே மெஷினுக்கும் பலகைக்கும் முழுப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். லிஃப்ட்காரர் கையால்கூடத் தொடவில்லை. "கஷ்டத்துல இருக்கறவர்கிட்ட வாங்கறதா? பொண்ணு படிப்புக்கு வெச்சுக்குங்க" என்று உறையைச் சட்டைப்பையிலேயே திருப்பிச் செருகினார். இல்லாத கஷ்டத்தைச் சொல்லி வாங்கியதற்கு, இருக்கிற பணத்தைக் கொடுக்க வழியில்லாமல் போயிற்று.

இப்போதும் மாதாமாதம் கூட்டம் நடக்கிறது. லேப்டாப் வாங்கியவனைத் தலைவர் திட்டுவதில்லை. வயதாகிவிட்டது, பக்குவம் வந்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். கிளம்பும்போது லிஃப்ட்காரர் மட்டும் ஓரமாக அழைத்துப்போய், "இப்ப நெலமை தேவலையா?" என்று கேட்பார். இவர் தலையாட்டுவார்.

மூத்தாள் பழைய மேசைக்கே வந்துவிட்டாள். மனைவி தூசி தட்டும்போது விளையாட்டாகச் சுவிட்சைப் போடுவாள். திரை விழித்து, "வாங்க தலைவரே" என்று கூப்பிடும். கடைக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார், கடைக்கு விடுமுறை நாளாக இருந்தாலும்.