நாற்பத்திரண்டு விநாடிக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட்

எங்கள் டெலிபோன் கம்பெனி அலுவலகத்தில் பாழாய்ப்போன விதி ஒன்று உண்டு. வாடிக்கையாளர் கம்ப்யூட்டர் திரையை முழுசாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பாவிட்டால், மாடியில் இருக்கும் டீம் புகாரைத் தொட்டுக்கூடப் பார்க்காது. இதைப் போட்ட மகராசன் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை, மீன்பிடி ஊரான போர்ட் லிங்கனிலிருந்து க்ளெனிஸ் கூப்பிட்டாள். பேக்கரியில் வேலை. அவள் மகன் டார்சி இறால் படகில் போனவன். படகும் திரும்பவில்லை, அவனும் திரும்பவில்லை. கிளம்பும்போது வீட்டு போனுக்கு அடித்திருக்கிறான், இவள் எடுக்கவில்லை. அவன் பேசிவைத்தது எங்கள் கம்பெனியின் குரல் பெட்டியில் கிடந்தது. கேட்க இத்தனை நாள் அவளுக்குத் தைரியம் வரவில்லை. இப்போது கம்ப்யூட்டரில் திறந்தால் அவன் நம்பர் தெரிகிறது, நாற்பத்திரண்டு விநாடி என்று தெரிகிறது, அமுக்கினால் பிழை என்று வருகிறது. ஒரு மாதம் ஆனால் பெட்டி தானாகக் காலியாகிவிடும். மறுநாளோடு மாதம் முடிகிறது.

“திரையைப் படம் எடுத்து அனுப்புங்க க்ளெனிஸ்” என்றேன்.

போனில் எடுத்து அனுப்பினாள். ஜன்னல் வெளிச்சம், கட்டைவிரல், ஓரத்தில் டீ கப். பிழை எண் தவிர எல்லாம் தெரிந்தது.

“போன்ல இல்ல. கீபோர்டுல மேல் வரிசை, வலது பக்கம், ப்ரிண்ட் ஸ்கிரீன்னு இருக்கும். அமுக்குங்க.”

“அமுக்கிட்டேன் கண்ணு. ஒண்ணும் ஆகலையே.”

“எடுத்து உள்ள வெச்சிருக்கு. மெயிலைத் திறந்து ஒட்டுங்க.”

“உள்ள வெச்சிருக்கா? என் புருஷன் மாதிரில்ல இருக்கு. அவரும் எல்லாத்தையும் உள்ளயே வெச்சுக்குவாரு.”

சிரித்தாள்.

படம் வந்தது. மற்றதெல்லாம் எதற்கு என்று ஓரங்களை வெட்டி, பிழையை மட்டும் அனுப்பியிருந்தாள். மாடி டீம் திருப்பிவிட்டது. நான் நேரே மேலே போய் அதன் தலைவன் ட்ரெண்டைப் பிடித்தேன்.

“அந்தம்மா பையன் செத்துட்டான்யா. நம்பரைத் தட்டிப் பாரேன், கை தேஞ்சா போயிடும்?”

“எல்லாரும் அவசரம்னுதான் வர்றாங்க, கெரின். முழுப் படம் இல்லாம பெட்டியைத் தொட்டா என் வேலை போயிடும்.”

அறையலாம் போலிருந்தது. இறங்கி வந்து க்ளெனிஸை மறுபடி கூப்பிட்டு, எதையும் வெட்டாமல் எடுக்கச் சொன்னேன். முழுசாக ஒரு படம் வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. அனுப்பிவிட்டு மேலே ஓடினேன். விளக்கெல்லாம் அணைந்திருந்தது. வெள்ளிக்கிழமை பீருக்குக் கிளம்பிவிட்டார்கள். ட்ரெண்ட் போனை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை பதில் வந்திருந்தது. பெட்டியில் செய்தி எதுவும் இல்லையாம். புகார் முடிக்கப்பட்டதாம். கண்ணை மறைக்கிற கோபத்தோடு க்ளெனிஸைக் கூப்பிட்டு, போய்விட்டது என்று சொன்னேன்.

“இல்லையே கண்ணு, இருக்கே. என் எதிர்லயே இருக்கு. டார்சி நம்பர், நாப்பத்திரண்டு விநாடி. ரெண்டு நாளா அமுக்கிட்டே இருக்கேன், சத்தம்தான் வரல.”

எனக்குப் புரிந்துவிட்டது.

“க்ளெனிஸ், அது நீங்க எடுத்து அனுப்பின படம்.”

மவுஸை இன்னொரு தடவை அமுக்கும் சத்தம் கேட்டது.

“இதுவும் ஒரு மாசத்துல போயிடுமா?”

“இல்ல. படம் போகாது.”

“படம் எங்கிட்ட நிறைய இருக்கு கண்ணு” என்றாள். “அவன் குரல்தான் இல்ல.”