சாய்வாய் வெட்டிய பக்கம்

முப்பத்தோரு வருடம் தென்காசி–சுரண்டை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். நிற்க இடமில்லாத கூட்டத்திலும் எவன் டிக்கெட் எடுக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன். அப்படிப்பட்டவனை என் பெண்டாட்டி ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு நாற்பது நாள் திருதிருவென்று முழிக்க வைத்துவிட்டாள்.

வேல்விழிக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. வலது கையும் காலும் வரவில்லை. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. அது ‘நாளைக்கு’. காபி வேண்டுமா என்றால் நாளைக்கு. கால் வலிக்கிறதா என்றால் நாளைக்கு. உன் பேர் என்ன என்றாலும் நாளைக்குத்தான். அந்த ஒரு சொல் மட்டும் ஏன் மிஞ்சியது என்று டாக்டருக்கும் தெரியவில்லை.

“சில பேருக்கு உள்ளே எல்லாம் புரியும், வார்த்தைதான் வராது. சில பேருக்குப் புரியறதே போயிடும். இவங்க எப்படின்னு கூட இருக்கிற நீங்கதான் கவனிச்சுச் சொல்லணும்” என்றார் அவர். எனக்குக் கோபம்தான் வந்தது. அவ்வளவு படித்தவருக்கே பிடிபடாதது எனக்கு எப்படிப் பிடிபடும்?

சென்னையில் இருக்கும் என் மகன் மணிகண்டபிரபுவுக்கு இந்தச் சந்தேகமெல்லாம் இல்லை.

“யப்பா, அம்மாவுக்கு ஒண்ணும் வெளங்கலை. நீங்க மனசத் தேத்திக்கிடுங்க. இங்கன எங்க வீட்டுப் பக்கத்துலயே நல்ல காப்பகம் இருக்கு, நர்ஸெல்லாம் உண்டு. ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துட்டு வாரேன்” என்றான் போனில்.

“வெளங்கலைன்னு நீ எப்பிடிலே சொல்லுத?”

“சரி, வெளங்குதுன்னு நீங்க சொல்லுங்க. நான் விட்டுருதேன்.”

அதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. நாற்பத்திரண்டு வருடம் கூடவே இருந்தவள், இப்போது உள்ளே இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் போனை வைத்துக்கொண்டு நின்றேன்.

குழப்பத்துக்கெல்லாம் மூலம் திராட்சைக் கம்புதான். இலத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அவள் வளர்த்த பன்னீர் திராட்சைக் கொடி ஒன்று மாடிப் பந்தல்வரை ஏறிக் காய்த்துக்கொண்டிருந்தது. கிணறு வற்றிப்போய் போர் போட வேண்டி வந்தபோது, லாரி உள்ளே வர அந்தக் கொடிதான் குறுக்கே நின்றது.

“எடுத்துருங்க. நான் கம்பு வெட்டி வச்சுக்கிடுதேன், மறுபடி வளத்துக்கிடலாம்” என்றாள்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிய வாரம் அது. பென்சில் பருமனில் பன்னிரண்டு கம்பு வெட்டினாள். கம்புக்கு நாலு கணு. ஒரு முனையை நேராகவும் மறுமுனையைச் சாய்வாகவும் வெட்டினாள். வெட்டிக்கொண்டே எனக்கு ஏதோ விளக்கினாள். நான் போர்க்காரனோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். “சாரல் காலம், தண்ணி நிக்கக் கூடாது, கேக்கீயளா?” என்றது மட்டும் காதில் விழுந்தது. கேட்டேன் கேட்டேன் என்று கையைக் காட்டினேன். அவள் கம்புகளைக் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, குளியலறை மூலையில் வைத்தாள். மறுநாள் காலையில் அங்கேயே விழுந்தாள்.

நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினெட்டு நாளில் லாரி வந்து போர் போட்டுவிட்டுப் போய்விட்டது. கொடி வேரோடு போனது. திரும்பி வந்ததும் சாக்கைப் பிரித்தேன். கம்புகள் பச்சையாகத்தான் இருந்தன. இதையாவது உருப்படியாகச் செய்வோம் என்று ஆறு பெயிண்ட் வாளிகளை எடுத்தேன். தண்ணீர் நிற்கக் கூடாது என்றாளே, அதனால் ஒவ்வொரு வாளியின் அடியிலும் சல்லடை மாதிரி ஓட்டை போட்டேன். செம்மண்ணும் மணலும் மக்கிய சாணியும் கலந்து நிரப்பி, கூராக இருந்த சாய்வு முனையை மண்ணுக்குள் குத்தி இறக்கினேன். நெல்லும் மாடுமாக இருந்த வீட்டில் பிறந்தவன் நான். மாடு கட்டும் முளைக்குச்சியைச் சீவி அடித்தே வளர்ந்த கை இது.

வேல்விழியை ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். மூன்றாவது கம்பை ஊன்றும்போது ஜன்னலில் தட்டும் சத்தம் கேட்டது. இடது கையை நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்தாள், நிமிர்த்தினாள், மறுபடி கவிழ்த்தாள்.

“நாளைக்கு” என்றாள்.

“நாளைக்கு நடணுமா?”

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் கையைப் புரட்டினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. கொடியை நினைத்து அழுகிறாள் என்று எனக்கும் மனது கனத்துவிட்டது. “அழாதட்டி, இன்னைக்கே எல்லாத்தையும் நட்டுருதேன்” என்று மிச்சத்தையும் மளமளவென்று ஊன்றி முடித்தேன்.

அன்று தொடங்கியது அந்தக் கைப்புரட்டல். தலையணையைத் திருப்பச் சொல்கிறாளோ என்று திருப்பி வைத்தேன். இல்லை. தோசை ஒரு பக்கம் வேகவில்லையோ என்று திருப்பிப் போட்டு முறுகலாகக் கொடுத்தேன். தட்டைத் தள்ளிவிட்டாள். டிவியில் சேனலை மாற்றினேன், கட்டிலைக் கிழக்கு மேற்காகத் திருப்பினேன். பக்கத்து வீட்டு ரூபி குழம்பு கொண்டுவந்தவள், “அண்ணாச்சி, முதுகு காந்துதோ என்னமோ, பெரட்டிப் படுக்க வைங்க” என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து புரட்டினோம். வேல்விழி எங்கள் இருவரையும் பார்த்த பார்வையில் ரூபி, வேலை கிடக்கிறது என்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. “ஏட்டி, எனக்குக் கிறுக்குப் பிடிக்கணும்னே பண்ணுதியா?” என்று கத்திவிட்டேன். அவள் டம்ளரைத் தூக்கி எறிந்தாள். இடது கை எறிந்ததால் அது சுவரில் பட்டது.

நாற்பது நாளாகியும் ஒரு கம்பிலும் தளிர் இல்லை. “அச்சன்புதூர்ல எங்க அக்கா வச்ச கம்பு இருவது நாள்லயே இலை விட்டுட்டு அண்ணாச்சி. இது செத்துட்டு” என்றாள் ரூபி. தண்ணீர் ஊற்றுவதும், ஒன்றும் வராததும், ஜன்னலுக்குள்ளே கை புரளுவதும் தினப்படி வேலையாகிவிட்டது.

சனிக்கிழமை வந்தது. காலையில் லேசான சாரல். கடைசியாக ஒருமுறை இடத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவளைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போய், தலையில் துண்டைப் போட்டு உட்கார வைத்தேன்.

“ஓம் மவன் வாரான். ஒன்னயக் கூட்டிட்டுப் போவான். எப்பன்னு தெரியுமா?”

“நாளைக்கு” என்றாள்.

நாளைக்குத்தான். ஆனால் தெரிந்து சொன்னாளா, இருப்பதே அந்த ஒரு சொல் என்பதால் சொன்னாளா? அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வாளிகள் பக்கம் திரும்பினேன். செத்ததை எதற்குக் கட்டி அழ வேண்டும், பிடுங்கி எறிவோம் என்று முதல் கம்பைப் பிடித்து இழுத்தேன்.

மண்ணுக்குள் இருந்த முனையில், கடைசிக் கணுவிலிருந்து வெள்ளையாக ஒரு தளிர் வந்திருந்தது. விரல் நீளம். கீழே போய், முட்டி, வளைந்து, மண்ணுக்குள்ளேயே மேலே வர வழி தேடியிருந்தது. தளிர் எதற்கு அடியில் முளைக்கிறது? கம்பைக் கையில் வைத்துக்கொண்டு முட்டாளாக நின்றேன்.

அவள் இடது கையை நீட்டினாள். கொடுத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிதானமாக அந்தக் கம்பைத் தலைகீழாகத் திருப்பினாள். சாய்வாய் வெட்டிய பக்கம் இப்போது மேலே இருந்தது. சாரல் துளி ஒன்று அதன்மேல் விழுந்து, நிற்காமல் சரிவில் வழிந்து போனது.

தண்ணி நிக்கக் கூடாது என்று அவள் சொன்னது கம்பின் தலையில். நான் வாளியில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது கம்பிலேயே சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகும் நாற்பது நாள் விடாமல் சொல்லியிருக்கிறாள். நான் தோசையைத் திருப்பிப் போட்டேன். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அவள் மடியில் முகத்தை வைத்து அழுதேன். அவள் என் தலையில் அந்தக் கம்பாலேயே ஒரு தட்டுத் தட்டினாள்.

மகனுக்குப் போன் போட்டேன். “வண்டி வேண்டாம்லே. சும்மா பாக்கணும்னா பஸ்ல வா.”

“ஏம்ப்பா? அம்மாவுக்கு வெளங்குதா?”

“அவளுக்கு ஒரு நாளும் வெளங்காம இல்ல. எனக்குத்தான் வெளங்கல.”

பன்னிரண்டையும் பிடுங்கினேன். ஏழு கம்பு உள்ளே காய்ந்து சடசடத்தது. ஐந்தில் உயிர் இருந்தது. ஒவ்வொன்றையும் சாய்வு மேலே வருகிற மாதிரி அவளிடம் காட்டி, அவள் கை புரளவில்லை என்று பார்த்த பிறகே ஊன்றினேன். ஐந்தாவது இறங்கியதும் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கை சும்மா இருந்து நான் பார்த்து நாற்பது நாளாகிவிட்டது.

“தண்ணி ஊத்தட்டுமா?” என்றேன்.

“நாளைக்கு” என்றாள்.

மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். சாரலில் ஈரமாகத்தான் இருந்தது. செம்பைக் கீழே வைத்தேன்.