நடுவாசல் வேலி

அன்று காலை எங்கள் நடுவாசலில் இருந்தவர்கள்: நான், ஆர்தர், தங்கச் சுரங்கத்தில் மரவேலை மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன், என் மனைவி ஆனி, என் தம்பி சகாயம், அதே சுரங்கத்தில் பாறையில் டிரில் அடித்தவன், அவன் மனைவி மரியகுழந்தை, அவர்களுடைய ஒரே மகன் சிரில், நகரசபையிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் அனில், எங்களுக்கு அடுத்த வீட்டு ஏசுபாதம். ஏசுபாதத்தை யாரும் கூப்பிடவில்லை. அவராக வந்திருந்தார். இந்த ஏழு பேரைத் தவிர அங்கே யாரும் இல்லை. தாங்களும் கண்ணால் பார்த்ததாக இப்போது பேசுகிறவர்கள் அன்று எங்கே இருந்தார்களோ, எனக்குத் தெரியாது.

ஆண்டர்சன்பேட்டையில் இந்த மனையை வாங்கியவர் எங்கள் அப்பா லாசர் மேஸ்திரி. சுரங்கக் கம்பெனியின் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்த தன் இரண்டு மகன்களும் சொந்த வாசலில் நிற்க வேண்டும் என்று வாங்கினார். தெருமுனையில் சகாயத்தின் வீடு, அதை அடுத்து என்னுடையது, நடுவில் பொதுவாக ஒரு வாசல். அப்பா போன பிறகு பத்திரத்தில் பாகம் பிரிந்தது. கோடு வாசலின் நடுவே போகிறது. தரையில் அந்தக் கோட்டை நாங்கள் போட்டதில்லை. எங்கள் பிள்ளைகளின் கல்யாணப் பந்தல் இங்கேதான் போட்டோம். அப்பாவின் சவப்பெட்டியை வைத்ததும் இங்கேதான். எங்கள் தெருவில் அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்தினால் அடுத்த வாரமே கல்லும் சிமெண்டும் வந்து இறங்கும். அப்படி நடுவே சுவர் எழும்பிய வீடுகளைக் கடந்துதான் நான் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறேன். எங்கள் வீட்டில் அது நடக்காது என்று அப்பா இருக்கும்போதே சொன்னவன் நான்.

சிரில் பதினைந்து வருடம் பெங்களூர் ரயிலில் போய் வந்தான். இருட்டில் கிளம்பி ஊரிகம் ஸ்டேஷனில் ஏறுவான். இருட்டில் திரும்பி வருவான். அவன் மகளுக்கு அப்பா என்றால் ஞாயிற்றுக்கிழமை வருகிறவர். அந்தக் காலைக்கு முந்தின வருடம் துணிந்து சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு, தன் அப்பா பக்கத்து வாசலில் கொட்டகை போட்டு, மிளகாயும் மல்லியும் அரைக்கிற மில் வைத்தான். மெஷின் வந்தது, கரண்டு வந்தது. நகரசபை லைசென்ஸ் மட்டும் வரவில்லை. விடுப்பு அந்த மாதத்தோடு முடிய இருந்தது. லைசென்ஸ் இல்லாவிட்டால் முதல் தேதி அவன் மறுபடியும் ரயிலில்.

அதைப் பார்க்கத்தான் அனில் வந்திருந்தார். சின்ன வயது, மரியாதை தெரிந்தவர். கன்னடக்காரர் என்றாலும் எங்களோடு தமிழில்தான் பேசினார்; என்னை மட்டும் பெரியவர் என்கிற மரியாதைக்கு யஜமான்ரே என்பார். கொட்டகையை அளந்தார், மெஷினைப் பார்த்தார், எல்லாம் சரி என்றார். பிறகு நடுவாசலுக்கு வந்து நின்று, இங்கே ஒன்று குறைகிறது என்றார். குடியிருக்கும் வீட்டை ஒட்டி மில் வந்தால் இரண்டுக்கும் நடுவே பத்தடி அகலத்துக்குப் பச்சை விட வேண்டும். சும்மா புல் இல்லை. ஆள் உயரத்துக்கு மேல் வளர்கிற மரமும், அடியிலிருந்தே அடர்கிற செடியுமாக, ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் மறுபக்கம் தெரியாத அளவுக்கு வேண்டும். அதுதான் விதி.

"அதாவது வேலி," என்றேன்.

"வேலின்னே வச்சிக்கலாம், யஜமான்ரே."

"எங்க குடும்பத்துல வேலி கெடையாது."

"இது குடும்பத்துக்கு இல்ல. வீட்டுக்கும் மில்லுக்கும்."

"வீடு என்னுது. மில்லு என் தம்பி புள்ளையுது. நடுவுல குடும்பம் இல்லாம வேற இன்னா கீது?"

சிரில் குறுக்கே வந்தான். "பெரியப்பா, நான் தொட்டியில செடி வச்சிர்றேன். வேணும்னா நகத்திக்கலாம். சார், தொட்டி ஒத்துக்குவீங்களா?"

"தரையில வேர் போகணும், சிரில். தொட்டிய நாளைக்கு நீங்க மாடியில தூக்கி வச்சிட்டா நான் யாரைக் கேக்கறது?"

நான் யோசித்தேன். விதி வீட்டுக்கும் மில்லுக்கும் நடுவில்தானே கேட்கிறது? என் வீடு வீடாக இல்லாவிட்டால்?

"என் வீட்டைக் கடைன்னு எழுதிக்கோங்க. கடைக்கும் மில்லுக்கும் நடுவுல பச்சை வேணாம் இல்ல?"

அனில் என்னை ஒரு முறை பார்த்தார். "வேணாம்தான். ஆனா நீங்க கடை ஆயிட்டா, உங்களுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது வீடு. அப்ப வேலி உங்களுக்கும் அவருக்கும் நடுவுல வரும்."

அவர் கை காட்டியது ஏசுபாதத்தை.

"எனக்கும் ஆர்தருக்கும் நடுவுலயா?" என்றார் ஏசுபாதம். "சீக்கிரம் போடுங்க சார், புண்ணியமா போவும். ஆனா ஒண்ணு ஆர்தர், கடைன்னு போர்டு மாட்டினா எதையாச்சும் விக்கணும். இன்னா விப்பே? கோவமா?"

மரியகுழந்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஆனி மூடிக்கொள்ளவில்லை, சத்தமாகவே சிரித்தாள்.

"எனக்கு எதுவும் வேணாம். தூசு வந்தாத்தானே வேலி? எனக்குத் தூசு வர்றதில்ல," என்றேன்.

"சரி யஜமான்ரே. ஓட்டிப் பார்த்துடலாம்," என்றார் அனில்.

நான் என் வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். சிரிலுக்கு மனமில்லை. "பெரியப்பா, நீங்க உள்ள போங்க," என்றான். நான் போகவில்லை. அவன் காய்ந்த மிளகாயைக் கொட்டி மெஷினை ஓட்டினான்.

எங்கள் ஊரில் காற்றுக்குக் குறைவில்லை. சுரங்க மில் தங்கத்துக்காகக் கல்லை அரைத்துக் கொட்டிய மண் மேடுகளைத் தாண்டி வருகிற காற்று அது. ஆடி மாதம் வெள்ளை வேட்டியைக் கொடியில் போட்டால் சாம்பல் நிறத்தில்தான் எடுக்க வேண்டும். அன்று அந்தக் காற்று கொட்டகையின் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் என் நாற்காலிக்கு நேராக வந்தது.

முதலில் தும்மியவர் ஏசுபாதம். தும்மிக்கொண்டே தன் வீட்டு வாசற்படிக்குப் போய்விட்டார், ஆனால் உள்ளே போகவில்லை. அனில் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு சுவர் ஓரம் ஒதுங்கினார். ஆனி அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. சுரங்கத்தில் வெடி வைத்த பிறகு வருகிற புகையில் நின்றவனுக்கு இது பெரிதில்லை. இருமல் நெஞ்சு வரை வந்தது. அதை அங்கேயே நிறுத்தினேன்.

"போதுமா சார்?" என்று சிரில் கத்தினான்.

"போதும்னு உங்க பெரியப்பா சொல்லட்டும்," என்றார் அனில்.

நான் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. ஓட்டை விழுந்த ஊதலை ஊதுவது போல. திரும்பினேன். சகாயம் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

சகாயத்தின் நெஞ்சு என்னுடையதைவிட மோசம். டிரில் அடித்தவர்கள் எல்லோருக்கும் கல் தூசி நெஞ்சில் உண்டு. அவனுக்கு மாடிப்படி ஏற முடியாது. சிரில் சோதனைக்கு மிளகாய் அரைக்கிற நேரத்தில் அவன் தெருவின் மறுகோடிக்குப் போய்விடுவது வழக்கம் என்று எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் அண்ணன் உட்கார்ந்திருக்கும்போது தம்பி எழுந்து போவதில்லை. அது அப்பா வைத்த பழக்கம். அறுபத்தெட்டு வயதிலும் அவன் அதை விடவில்லை. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

"ஏன்டா இங்க நிக்கறே?" என்றேன்.

"நீங்க உக்காந்துகினு கீறீங்களே, அண்ணா," என்றான். அதற்கு மேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை.

"மெஷினை நிறுத்துடா சிரில்!" என்று நான் போட்ட சத்தத்தில் என் இருமலும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது.

மரியகுழந்தை உள்ளே ஓடி அவனுடைய மூச்சு மருந்தை எடுத்து வந்தாள். நாற்காலியை அவனுக்குக் கொடுத்தேன். அவன் உட்காரவில்லை. நான் தோளை அழுத்தி உட்கார வைத்தேன். வாயில் மருந்தை அடித்து, தண்ணீர் குடித்து, ஊதல் சத்தம் அடங்க நேரமானது. மரியகுழந்தை அவன் முதுகைத் தடவிக்கொண்டே எனக்குச் சொன்னாள்.

"நீங்க எழுந்தாத்தான் அவரு எழுவாரு, மாமா. அது உங்களுக்குத் தெரியாதா? ரெண்டு பேரையும் ஒரே நாள்ல பொட்டியில வைக்க இந்த வாசல்ல எடம் பத்தாது."

அவள் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் எதிரில் குரலை உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

சகாயம் அவளைக் கையால் நிறுத்தினான். "அண்ணா, சொரங்கத்துல, லெவல்ல, நீங்கதானே சாக்குத் திரை கட்டுவீங்க?"

சுரங்கத்துக்குள் காற்று தானாக வராது. அதைத் திருப்பி ஆட்கள் இருக்கிற இடத்துக்கு அனுப்பவும், தூசியை ஒரு பக்கமாகத் தள்ளவும் நடுவே தடித்த சாக்குத் திரை கட்டுவோம். அது என் வேலை.

"ஆமாம். அதுக்கு இன்னா இப்ப?"

"நான் திரைக்கு அந்தாண்ட டிரில் அடிப்பேன். நீங்க இந்தாண்ட முட்டு மரம் நிறுத்துவீங்க. சோத்து நேரத்துக்கு நான் திரையைத் தூக்கிகினு வருவேன். அப்ப நாம பாகம் பிரிச்சிகினமா?"

அனில் கைக்குட்டையை அவிழ்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"வழி விடலாம் யஜமான்ரே. விதியில இடமிருக்கு. ஆள் நடக்கிற அகலம் விடலாம். ஆனா நேருக்கு நேரா விடக்கூடாது."

குச்சி ஒன்றை எடுத்துத் தரையில் இரண்டு வரிசை கீறினார். முதல் வரிசையில் இடது கோடியில் ஒரு சந்து, இரண்டாம் வரிசையில் வலது கோடியில் ஒரு சந்து. ஆள் உள்ளே நுழைந்து, இரண்டு வரிசைக்கும் நடுவே நடந்து, திரும்பி வெளியே வர வேண்டும். காற்று அப்படித் திரும்பி வராது. தூசி இலையில் தங்கிவிடும். சுரங்கத்தில் தள்ளுவண்டி போகிற இடத்தில் நாங்களும் திரையை அப்படித்தான் ஒன்று மாற்றி ஒன்று கட்டுவோம். சகாயம் என்னைப் பார்த்தான். நானும் அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொரு விஷயம்," என்றார் அனில். "பத்தடி மில்லுக்காரர் எடத்துலதான் விடணும். பக்கத்துக்காரர் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டா அவர் எடத்துல விடலாம்."

சகாயத்தின் பாதியில் கோட்டைத் தொட்டுக்கொண்டு கொட்டகை நிற்கிறது. அவன் பக்கம் பத்தடி என்றால் கொட்டகையைப் பிரிக்க வேண்டும். சிரில் கொட்டகைக் காலில் கை வைத்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என் பக்கம் போவட்டும்," என்றேன்.

"வேணாண்ணா," என்று சகாயம் எழுந்திருக்கப் பார்த்தான். "மில்லு எங்களுது. எடம் உங்களுதா?"

"உக்காருடா. மூத்தவன் நான். எடம் நான்தான் விடணும்."

"ஊர்ல உங்களைத்தான் பேசுவாங்க."

"பேசறவங்களுக்கு நான் அரைச்ச தூளைக் காட்டறேன்," என்றாள் மரியகுழந்தை. "கிட்ட வந்து பேசட்டும்."

கையெழுத்துப் போட்டேன். ஆனியும் வெளியே வந்து போட்டாள், மனை இருவர் பெயரிலும் இருப்பதால். ஏசுபாதம் தன் படியில் நின்றபடியே, "அப்ப எனக்கு வேலி கெடையாதா சார்?" என்று கேட்டார். கிடையாது என்று அனில் சொன்னார்.

முதல் வரிசை, கொட்டகை பக்கம், புங்கன். அனில் அதைக் கன்னடத்தில் ஹொங்கே என்றார். இரண்டாம் வரிசை, என் வீட்டுப் பக்கம், நொச்சி. குழியை சிரில் தோண்டினான். மண்ணில் சுரங்க மில்லின் பழைய மண் கலந்திருந்ததால் இரண்டடி ஆழம் வெட்டி எடுத்துவிட்டு ஏரி மண் போட்டோம். கயிறு பிடித்துக் குறி வைத்தவன் நான். கல்யாணப் பந்தல்கால் நட்ட இடம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதால், அந்த இடத்தில் செடி வராமல் வரிசையை ஒரு முழம் தள்ளினேன். கன்று பிடித்ததும் அனில் வந்து பார்த்து, லைசென்ஸுக்கு இப்போதைக்கு இது போதும் என்றார். சிரிலுக்கு லைசென்ஸ் வந்தது. அவன் முதல் தேதி ரயில் ஏறவில்லை.

இப்போது இரண்டு மழை கண்டு நொச்சி என் தலைக்கு மேல் நிற்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பச்சைச் சுவர். அதனால் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. லாசர் மேஸ்திரி மகன்கள் பிரிந்துவிட்டார்களாம். பெரியவன் தன் எல்லையில் வேலி போட்டுத் தம்பி முகத்தில் விழிக்காமல் செய்துகொண்டானாம். ஊரிகம் ஸ்டேஷனில் பேசினார்கள், கோயில் வாசலில் பேசினார்கள். பங்காருபேட்டையில் இருக்கும் ஆனியின் அக்கா காதுக்குப் போய், அவள் போனில் அழுதாள்.

அது பொய். வேலி நகரசபை விதிப்படி வீட்டுக்கும் மில்லுக்கும் நடுவே வைத்தது. என் எல்லையில் இருப்பது, அந்த இடத்தை நான் கொடுத்ததால். அதில் வழி இருக்கிறது. தெருவில் நிற்கிறவர்களுக்கு அது தெரியாது. இன்று மதியம் சகாயம் அந்த வழியாகத்தான் வந்து என்னோடு சாப்பிட்டான். அந்த வழிக்கு நாங்கள் கதவு வைக்கவில்லை.