ஓரத்துத் துண்டு

"வந்துடுச்சு! அண்ணே, கிழியாம வந்துடுச்சு!"

பட்டறையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள் பட்டாசு. எதற்கெடுத்தாலும் வெடிக்கிறாள் என்று அண்ணன் வைத்த பெயர் அது.

இயந்திரத்தின் உருண்டை முனை, சட்டத்தில் இறுக்கிய எஃகுத் தகட்டின் மேல் வட்டமடித்து, சுற்றுக்குச் சுற்று கொஞ்சமாக அழுத்திப் பள்ளமாக்கியிருந்தது. முரட்டு எஃகு அது. அப்படியே அழுத்தினால் பாதியிலேயே பிளந்துகொள்ளும். அதனால் முனை போகும் இடத்தை மட்டும் மின்சாரத்தால் சூடாக்கினார்கள். பல நாளாகப் பிளந்து பிளந்து கழுத்தறுத்த தகடு, இன்று வழவழவென்று இறங்கியிருந்தது.

ஆம்புலன்ஸின் அடியில் பேட்டரியைக் காக்கும் கவசம். மாதிரியில் ஒரு துண்டை வெட்டிப் பலத்தைச் சோதிக்கக் கொடுக்க வேண்டும்; அது தேறி முத்திரை விழுந்தால் மொத்த ஆர்டரும் இவர்களுக்குத்தான்.

"எப்படி வந்துச்சு?" என்றான் அண்ணன்.

"சூட்டைக் கொஞ்சம் ஏத்திட்டேன்."

திரையைப் பார்த்த அண்ணனின் முகம் சுருங்கியது. கொஞ்சமல்ல. அளவுக்கு மேல் சூடுபட்டால் இந்த எஃகு சொன்னபடி கேட்கும். ஆனால் பலத்தை விட்டுவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

"சரி விடு. சோதனைக்கு ஓரத்துல வெட்டிக் குடுத்துடலாம். அங்க சூடே படல. அதுவும் இதே தகடுதானே? எல்லாரும் இதத்தான் பண்றாங்க."

அவளுக்கும் அது சரியென்றே பட்டது. சந்தோஷத்தில் கால் தரையில் படவில்லை.

பொருந்துகிறதா என்று பார்க்க ஆம்புலன்ஸ் டிரைவர் வண்டியோடு வந்தார். "அம்மாடி, என்னா பளபளப்பு! இதைப் பார்த்தே தலை சீவலாம் போல." தானே வண்டிக்கு அடியில் படுத்து மாட்டினார். முகமெல்லாம் தூசியோடு வெளியே வந்தார்.

"போன தடவை கல்லுல மோதி பழைய கவசம் நசுங்கிடுச்சும்மா. பின்னாடி மாசமா இருக்கிற பொண்ணு. பேட்டரி பத்திக்குமோன்னு எனக்கு உயிரே போயிடுச்சு. இனிமே கவலையில்ல. ராஜா மாதிரி ஓட்டுவேன்."

பட்டாசு குனிந்து வண்டிக்கு அடியில் இருந்த கவசத்தைப் பார்த்தாள்.

"டிரைவர் சார், அதைக் கழட்டுங்க."

"ஏம்மா, கச்சிதமா இருக்கே?"

"கழட்டுங்க சார். அதை வெட்டணும்."

அண்ணன் பல்லைக் கடித்தான். "பைத்தியமா உனக்கு? சோதிக்கிறவர் வர்ற நேரம்!"

"வரட்டும்ணே."

கவசத்தின் சரிவிலிருந்து ஒரு துண்டை வெட்டினாள். பிடிப்பானில் மாட்டி நெம்பினாள். செருப்புத் தோல்போல மடங்கியது. ஓரத்துத் துண்டை மாட்டினாள். அண்ணன் நெம்புகோலில் தொங்காத குறைதான், அது அசையவில்லை. டிரைவர் இரண்டையும் பார்த்தார்.

"சூட்டைக் குறைப்போம்," என்றாள் அவள். "அதுக்குப் பதிலா ஒவ்வொரு சுத்துலயும் இன்னும் கம்மியா இறக்குவோம். பொறுமையா."

"பொறுமையைப் பத்தி நீ பேசுறியா?" அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

புதுத் தகட்டின் மேல் முனை மறுபடி சுற்றத் தொடங்கியது. இயந்திரத்தின் கண்ணாடிச் சன்னலில் மூன்று தலைகள் முட்டி நின்றன. 'டிக்'கென்று எங்கே சத்தம் கேட்டாலும் மூவருக்கும் மூச்சு நின்றது. நடுவில் வந்து சேர்ந்த சோதனைக்காரரை யாரும் உட்காரக்கூடச் சொல்லவில்லை. கடைசிச் சுற்று முடிந்து முனை மேலே எழுந்தது. ஒரு கீறல் இல்லை.

"வந்துடுச்சு!" இந்த முறை கத்தியது அண்ணன்.

கத்திய சூட்டோடு ரம்பத்தை எடுத்து, அந்த நல்ல கவசத்தின் சரிவிலேயே ஒரு துண்டை வெட்டினான். பிடிப்பானில் மாட்டி முழு பலத்தோடு நெம்பினான். துண்டு மசியவில்லை. பட்டாசு குதித்தாள், டிரைவரும் குதித்தார்.

சோதனைக்காரர் பதறினார். "உருப்படியா வந்ததை ஏன் சார் பாழாக்குனீங்க? எல்லாரும் ஓரத்துலதானே வெட்டித் தர்றாங்க? நானும் கேக்கிறதில்லையே!"

"இனிமே கேளுங்க சார்," என்று அண்ணன் துண்டை அவர் கையில் வைத்தான். "சோதனைக்கு வேற துண்டைக் குடுத்து முத்திரை வாங்குறவன், அந்த முத்திரையை நம்பி வண்டி ஏறுறவங்க உயிரைத்தான் வெட்டிக் குடுக்கிறான்."